அலுவலக விளக்கும் நம் கண்களும்

“கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். காலம் கடந்த முயற்சியைக் குறிக்க எழுந்த பழமொழி அது. ஆயினும், அதனைச் சொல்லுக்குச் சொல் மெய்யாகவே எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் நம்மைப்போல் அயலூரில் உத்தியோகம் பார்க்கும் குடும்பத்தார். ஊரை விட்டு வந்தபோது நாம் நிலத்தையும் தோப்பையும் உடன் கொண்டு வரவில்லை. எழுதவும் படிக்கவும் கணக்குப் பார்க்கவும் கற்ற கல்வி ஒன்றையே கொண்டு வந்தோம். அக்கல்வியைச் சோறாக்கித் தருபவை இரண்டு கண்கள். தில்லிக் கரோல் பாகிலும் மும்பை மாதுங்காவிலும் முன்னாளில் குடியேறிய நம்மவர் பலர், தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயின்று வந்தவர்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கணினித் திரையின்முன் அமர்ந்திருக்கிறார்கள். கருவி மாறிவிட்டது, கண் மாறவில்லை.

அக்கண்களுக்கு அலுவலகத்தில் எத்தகைய ஒளி கிடைக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? நாற்காலி ஆடினால் புகார் செய்கிறோம். மின்விசிறி நின்றால் உடனே ஆளை அழைக்கிறோம். விளக்கு எரிந்தால் போதும் என்று மட்டும் இருந்துவிடுகிறோம். இந்த அலட்சியத்தால் ஓர் இளைஞர் நல்ல வேலையொன்றை உதறிவிட்டு ஊர் திரும்ப இருந்தார். அவ்வரலாற்றை முதலிற் கூறுகிறேன்.

மாடியறை இளைஞர்

எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருப்பவர் அவர். என்னைப்போலவே திருநெல்வேலிப் பக்கத்தவர். தில்லியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஏழு மாதங்களே ஆகியிருந்தன. தகுதிகாண் பருவம் முடியவில்லை. மாதம் பிறந்தால் அம்மாவுக்குப் பணம் அனுப்பிவிட்டுத்தான் தமக்கென்று எதுவும் வாங்குவார். சில வாரங்களாக அவர் முகம் வாடியிருந்தது. மாலையில் வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். இரவு உணவுக்குக் கூப்பிட்டால், “பசியில்லை, அண்ணாச்சி” என்பார்.

ஒருநாள் இரவு அவராகவே கீழே இறங்கி வந்தார். “அண்ணாச்சி, ஊருக்கே போய்விடலாமென்று இருக்கிறேன்” என்றார். காரணம் கேட்டபோது சிறிது நேரம் தயங்கிவிட்டுச் சொன்னார். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கண் எரிகிறது, எழுத்துகள் கலங்குகின்றன, நெற்றிப் பொட்டில் வலி தொடங்கிவிடுகிறது. இரண்டு மாதங்களாக மாத்திரை போட்டுக்கொண்டே வேலை செய்து வந்திருக்கிறார். அலுவலகத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. “கண் சரியில்லாதவனைக் கணக்குப் பிரிவில் யார் வைத்துக்கொள்வார்கள்?” என்பது அவர் அச்சம்.

அதனினும் பெரிய அச்சம் ஒன்று அடியில் இருந்தது. அவருடைய தந்தையார் ஐம்பத்தைந்து வயதிற்குள் பார்வையை இழந்தவர். கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் அவருக்கு இருந்ததை மருத்துவர் கண்டறிந்தபோது காலம் கடந்திருந்தது. “அப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கிறது” என்று இளைஞர் தீர்மானித்துவிட்டார்.

மறுநாளே அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். மருத்துவர் கண்ணின் அழுத்தத்தை அளந்தார். சொட்டு மருந்திட்டுப் பார்வை நரம்பைச் சோதித்தார். நோயின் அறிகுறி எதுவும் இல்லை. வலக் கண்ணில் மட்டும் சிறிது பார்வைக் குறை. அதற்குக் கண்ணாடி எழுதித் தந்தார். பிறகு அவர் கூறிய செய்தியை நம் வாசகர் அனைவரும் மனத்தில் கொள்ளவேண்டும். அந்நோயின் பொதுவான வகை வலியின்றியே வளரும். பெரும்பாலும் முற்றும்வரை தன்னைக் காட்டிக்கொள்ளாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ அது இருந்தால் நமக்கும் வருவதற்கான வாய்ப்பு மிகுதி. ஆதலின் வலி வந்தபின் ஓடிவருவதில் பயனில்லை. வலி இல்லாத காலத்திலேயே ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ளவேண்டும்.

“அப்படியானால் இந்த வலி எதனால்?” என்று நான் கேட்டேன். மருத்துவர் இளைஞரைப் பார்த்து, “நீங்கள் வேலை செய்யும் இடத்தில் விளக்கு எங்கே இருக்கிறது?” என்று வினவினார். இளைஞரால் பதில் சொல்ல முடியவில்லை. ஏழு மாதங்களாக அதன் கீழேயே அமர்ந்திருந்தவர்! நமக்கும் அந்நிலைதான். இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்களும் கண்ணை மூடிக்கொண்டு அக்கேள்விக்கு விடை சொல்ல முயன்று பார்க்கலாம்.

அடுத்த நாள் அவர் தம் இருக்கையைத் தாளில் வரைந்து கொண்டுவந்தார். முதுகுக்குப் பின்னால் மேற்கு நோக்கிய பெரிய கண்ணாடிச் சாளரம். பிற்பகல் வெயில் முழுவதும் கணினித் திரையில் விழுந்தது. தலைக்கு மேலே மூடியற்ற எல்.இ.டி. குழல் விளக்கு. மேசையின்மேல் கண்ணாடிப் பலகை. அதில் அவ்விளக்கின் பிம்பம். இடப்புறம் இரும்பு அலமாரி. அதன் நிழலில் வவுச்சர்க் கட்டுகள். திரையில் எழுத்துத் தெரியாததால் அவர் திரையின் ஒளியை உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தார். ஓர் அறையிலேயே கண்கூசும் ஒளியும் போதாத ஒளியும் அருகருகே இருந்தன. அவருடைய கண் நிமிடத்திற்குப் பலமுறை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

எவ்வளவு ஒளி வேண்டும்?

ஒளியை அளக்கும் அலகு லக்ஸ். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை அது காட்டும். உச்சிவெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ.எஸ். 3646 என்னும் விதிமுறை, பொது அலுவலக அறைகளுக்கு 300, 500, 750 லக்ஸ் என மூன்று படிகளைக் கூறுகிறது. சாதாரண வேலைக்கு நடுவிலுள்ள 500. எப்போதோ ஒருமுறை செய்யும் எளிய வேலைக்குக் கீழ்ப்படி போதும். வேலை நுட்பமானதாயினும், பிழை நேர்ந்தால் நட்டம் பெரிதாயினும், பணியாளரின் பார்வைத் திறன் குறைந்திருந்தாலும் மேற்படி வேண்டும்.

நம் கண் இதனைத் தானாக அளந்து சொல்லாது. வெயிலிலும் நிலவிலும் பார்க்க வல்லதாதலால், கிடைக்கும் ஒளிக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டு, “போதும்” என்று பொய் சொல்லிவிடும். கைபேசியின் ஒளியுணர்வியைக் கொண்டு லக்ஸ் காட்டும் செயலிகள் இன்று உண்டு. அவை துல்லியமானவை அல்ல. ஆனால் ஓரிடத்தை மற்றோரிடத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமானவை. நம் இளைஞர் அளந்தபோது விளக்கின் நேர் கீழே ஏறக்குறைய 600 காட்டியது. ஒரு முழந்தூரத்தில் வவுச்சர்க் கட்டு இருந்த இடத்தில் 150-ஐத் தாண்டவில்லை.

வயதும் இங்கே கணக்கில் சேரும். முதுமையில் கண்மணியின் துளை சுருங்குகிறது. உள்ளிருக்கும் வில்லை மஞ்சளித்துக் கலங்குகிறது. இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குச் செல்லும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதுக் கண்ணுக்குச் சென்று சேர்வதாக நிபுணர் கூறுவர். ஆதலின், “எனக்கு இந்த வெளிச்சம் போதுமே” என்று இளையவர் சொல்லும் அறையில் மூத்தவர் தடுமாறுவது சோம்பலாலும் அன்று, பிடிவாதத்தாலும் அன்று. நாற்பதைக் கடந்தோருக்கு வெள்ளெழுத்துடன் இதுவும் சேர்ந்துகொள்கிறது. அத்தகையோருக்கு அறை முழுவதையும் வெளிச்சமாக்குவதைவிட, மேசையில் ஒரு சிறு விளக்கு வைப்பதே சிக்கனமான வழி. ஒளி தொலைவுக்கேற்ப விரைந்து குறைவது. சிறு மேசை விளக்கை இரண்டடி உயரத்திலிருந்து ஓரடிக்கு இறக்கினால் கீழே விழும் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

எங்கிருந்து வரவேண்டும்?

ஒளி குறைந்தால்தான் கண் வலிக்கும் என்பது நம்மிடையே பரவியுள்ள எண்ணம். இன்றைய அலுவலகங்களில் பெரும்பாலும் துன்பம் தருவது கண்கூச்சம். 2014-ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபெல் பரிசு நீல எல்.இ.டி. ஒளியைக் கண்டுபிடித்த, ஜப்பானில் பிறந்த அறிவியலாளர் மூவருக்கு வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் நம் நாட்டில் உஜாலா திட்டம் தொடங்கிற்று, கோடிக்கணக்கான எல்.இ.டி. பல்புகள் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. மின்செலவு குறைந்தது, மகிழ்ச்சியே. ஆனால் எல்.இ.டி. என்பது மிகச் சிறிய புள்ளியிலிருந்து மிகக் கடுமையாக வரும் ஒளி. அதனை மூடியில்லாமல் தொங்கவிட்டால், பழைய விளக்குகளினும் அதிகமாகக் கண்ணைக் குத்தும்.

கண்கூச்சம் இருவகைப்படும். விளக்கோ சாளரமோ நேராகக் கண்ணில் படுவது ஒன்று. திரையிலும் மேசைக் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பி வருவது மற்றொன்று. இரண்டையும் கண்டறிய இரண்டு எளிய சோதனைகள் உண்டு. வழக்கம்போல் அமர்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டே, தொலைவில் வருபவரைப் பார்க்கும் கிழவரைப்போல் புருவத்தின்மேல் உள்ளங்கையைக் குடையாகப் பிடியுங்கள். உடனே கண்ணுக்கு இதமாக இருந்தால் நேர்க் கூச்சம் உண்டு என்பது உறுதி. பின்னர்க் கணினியை அணைத்துவிட்டு அதன் கரிய திரையைப் பாருங்கள். அதில் எந்த விளக்கு, எந்தச் சாளரம் தெரிகிறதோ அதுவே நாள் முழுவதும் உங்கள் எழுத்தின்மீது படர்ந்து நிற்கும் கள்வன்.

சாளரத்தை முதுகுக்குப் பின்னும் வைக்கலாகாது. முகத்துக்கு நேராகவும் வைக்கலாகாது. பின்னே இருந்தால் திரையில் விழும். முன்னே இருந்தால் வானத்தின் ஒளி திரையின் ஒளியைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் இருந்து கண்ணைத் திணறச் செய்யும். பக்கவாட்டில் இருப்பதே நன்று. வலக் கையால் எழுதுவோருக்கு இடப் பக்கத்திலிருந்தும், இடக் கைப் பழக்கமுடையோருக்கு வலப் பக்கத்திலிருந்தும் ஒளி வந்தால் கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. நம் பள்ளிக்கூட ஆசிரியர்கள் சொல்லித் தந்த பாடந்தான் இது. கணினி வந்த பின்னும் பொய்க்கவில்லை.

திசைகளுள் வடக்கே சிறந்தது. பழைய துணி ஆலைகளின் கூரை வாள்பற்களைப்போல் வரிசையாக எழுந்து நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அப்பற்களின் செங்குத்தான கண்ணாடிப் பக்கத்தை வடக்கு நோக்கி அமைப்பது வழக்கம். நேர் வெயில் உள்ளே நுழையாமல் சீரான ஒளி மட்டும் தறியின்மேல் விழும். தில்லியில் நடுப்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கேதான் நிற்கும். மும்பையிலும் சென்னையிலும் கோடையின் சில வாரங்களில் அது வடக்கே சாய்வதுண்டு. அப்போது வடக்குச் சாளரத்துக்கும் ஒரு திரைச்சீலை வேண்டும்.

கணினித் திரையின் ஒளியைச் சரிபார்க்க ஒரு வெள்ளைத் தாள் போதும். அதனைத் திரையின் பக்கத்தில் பிடியுங்கள். தாளைவிடத் திரை விளக்கைப்போல் பளிச்சிட்டால் ஒளி அதிகம். சாம்பல் பூத்தாற்போல் மங்கினால் குறைவு. இரண்டும் ஏறக்குறைய ஒத்திருப்பதே கண்ணுக்கு இதம்.

கண்ணுக்குத் தெரியாத நடுக்கம்

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று ஓடுவது. பழைய சோக்குடன் எரியும் குழல் விளக்கு அதனால் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். அந்நடுக்கத்தைக் கண் தனியாகக் காண்பதில்லை. ஆயினும் உடல் அதனை உணர்கிறது. ஆர்னால்டு வில்கின்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞரும் அவர் துணைவரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஓர் அலுவலகத்தில் பணியாளர்க்குத் தெரியாமலே விளக்கின் சோக்கை மாற்றி, நடுக்கம் குறைந்த விளக்கை எரியச் செய்தனர். தலைவலியும் கண் களைப்பும் சராசரியாகப் பாதிக்கும் கீழே குறைந்தன.

எல்.இ.டி. வந்ததனால் இக்குறை ஒழிந்துவிட்டதென்று எண்ணவேண்டா. உள்ளே இருக்கும் மின்சுற்று மலிவானதாயின் அதுவும் நடுங்கும். கைபேசிக் காமிராவை மெதுநகர்வுப் படம் எடுக்கும் நிலையில் வைத்து விளக்கை நோக்கிப் பாருங்கள். படத்தில் வெளிச்சம் துடிப்பதோ, கரும்பட்டைகள் ஓடுவதோ தெளிவாகத் தெரிந்தால் அவ்விளக்கை மாற்றச் சொல்லலாம்.

இமைக்க மறந்த கண்

விளக்கைத் திருத்திய பின்னும் எரிச்சல் நீங்காவிடில் இமையைக் கவனிக்கவேண்டும். இமை கொட்டும்போதெல்லாம் கண்ணின்மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று புதுப்பிக்கப்படுகிறது. 1993-ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, சும்மா இருக்கும்போது நிமிடத்திற்குச் சராசரி 22 முறை இமைக்கும் மனிதர், புத்தகம் படிக்கும்போது 10 முறையும், கணினித் திரையைப் பார்க்கும்போது 7 முறையுமே இமைத்தனர். திரையைக் கண்மட்டத்திற்கு மேலே தூக்கி வைத்தால் கண் அகல விரிந்து இன்னும் உலரும். குளிர்சாதனத்தின் காற்று முகத்தில் அடித்தால் கேட்கவே வேண்டா.

ஆதலின் திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுத் தாழவோ இருக்கட்டும். ஒரு கை நீளம் தள்ளியிருக்கட்டும். 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள ஏதேனும் ஒன்றை, 20 விநாடி பார்க்கவேண்டும் என்று கண் மருத்துவர்கள் கூறும் விதி நினைவில் நிற்க எளியது. தண்ணீர் குடிக்க எழுந்து போவதும் அதே பலனைத் தரும்.

பகலொளியும் இரவு உறக்கமும்

பார்ப்பதற்கு மட்டுமே கண் இருக்கிறதென்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். விழித்திரையில், உருவங்களைக் காண்பதற்கென்று இல்லாமல், பகலா இரவா என்பதை மூளைக்கு அறிவிப்பதற்கென்றே ஒளியை உணரும் ஒருவகை உயிரணுக்கள் உண்டு என்பது 2002-இல் வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று. காலையில் நல்ல பகலொளி பட்டால் உடலின் கடிகாரம் ஒழுங்காக ஓடும். இரவில் உறக்கம் உரிய நேரத்தில் வரும். நாள் முழுவதும் சாளரமற்ற அறையிலிருந்துவிட்டு, இரவில் கைபேசியின் ஒளியை முகத்தருகே வைத்துக்கொள்வோருக்கு அக்கடிகாரம் குழம்புகிறது. மூடுபனி கவிந்த தில்லி மார்கழியில் இது மிகுதி. அலுவலகத்தில் சாளரம் இல்லாதோர் காலையில் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடக்கலாம். உணவு இடைவேளையில் வெளியே சென்று வரலாம். மேகம் மூடிய வானத்தின்கீழும் அறைக்குள் இருப்பதைவிடப் பன்மடங்கு ஒளி உண்டு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி அணிந்தால் கணினியால் வரும் களைப்புத் தீரும் என்று கடைகளில் கூறி விற்கிறார்கள். 2023-ஆம் ஆண்டில் காக்ரேன் அமைப்பு, முறைப்படி நடந்த 17 ஆய்வுகளைச் சேர்த்து நோக்கிற்று. சாதாரணக் கண்ணாடியைவிட அது குறுகிய காலத்தில் கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. அதற்குச் செலவிடும் பணத்தை முறையான கண் சோதனைக்கும் ஒரு நல்ல மேசை விளக்குக்கும் செலவிடுவது மேல்.

வாய் திறந்து கேட்பது

இத்தனையும் அறிந்த பின்னரும் ஒரு தடை எஞ்சி நிற்கிறது. மேலதிகாரியிடம் எவ்வாறு கேட்பது? ஊரை விட்டு வந்தவர்க்கு இயல்பாகவே ஒரு கூச்சம் உண்டு. “வந்த இடத்தில் குறை சொல்பவன்” என்ற பெயர் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொள்கிறோம்.

முதலாளிகளிடமும் ஒரு தவறான எண்ணம் உண்டு. வேலை நடக்கிறது, ஆகவே விளக்கு சரியாகத்தான் இருக்கிறது என்பர். அமெரிக்காவில் சிக்காகோ நகரையடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1927 வரை விளக்கைக் கூட்டியும் குறைத்தும் சோதனை நடத்தினார்கள். ஒளியைக் கூட்டியபோது உற்பத்தி பெருகியது. குறைத்தபோதும் குறையவில்லை என்று சொல்லப்பட்டது. அச்சோதனையின் முடிவுகளைப் பிற்கால அறிஞர் மறுத்தும் எழுதியுள்ளனர். அது மெய்யாகவே இருந்தாலும் அதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பொருள் வேறு. பிழைப்புக்காக உழைக்கும் மனிதன் மங்கிய ஒளியிலும் தன்னை வருத்திக்கொண்டு வேலையை முடித்துவிடுவான். அவ்வருத்தம் கணக்கேட்டில் ஏறாது. மாலையில் அவன் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் தலைவலியில் ஏறும்.

சட்டமும் இதனை அறியாததன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, போதிய, தகுந்த ஒளி வேண்டுமென்று சொன்னதோடு நில்லாமல், கண்ணுக்குக் களைப்பூட்டும் கூச்சத்தையும் நிழலையும் தடுக்கவேண்டுமென்றும், சாளரக் கண்ணாடிகளை உள்ளும் புறமும் துப்புரவாக வைத்திருக்கவேண்டுமென்றும் விதித்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஆலைத் தொழிலாளிக்கு அவசியம் எனக் கருதப்பட்ட ஒன்றை அலுவலகத்தில் கேட்பது பேராசை ஆகாது.

நம் இளைஞர் மூன்று இரவுகள் தயங்கிவிட்டு, நான்காம் நாள் ஒரு சிறு கடிதம் எழுதினார். அதில் நோயைப் பற்றியும் எழுதவில்லை. யாரையும் குறை கூறவும் இல்லை. வவுச்சர் வைக்கும் இடத்தில் ஒளி எவ்வளவு, விதிமுறை கூறுவது எவ்வளவு என்று இரண்டு எண்களைக் குறித்தார். பிறகு மூன்று வேண்டுகோள்கள்: மேசையைச் சாளரத்துக்குப் பக்கவாட்டாகத் திருப்ப அனுமதி, ஒரு மேசை விளக்கு, தலைக்கு மேலுள்ள விளக்குக்கு ஒரு மூடி. “பிழைகள் குறையும்” என்று முடித்தார்.

சனிக்கிழமையன்று கடைநிலை ஊழியர் இருவர் துணையுடன் மேசை திரும்பியது. அலமாரி ஓரடி நகர்ந்தது. மேசைக் கண்ணாடியை அவரே எடுத்துச் சுவரோரம் சாத்தினார். மேசை விளக்கு மறுவாரம் வந்தது. மூடி வருவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று; அதுவரை விளக்கின் கீழ்ப்பாதியை வெள்ளைத் தாளால் மறைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். சூட்டினால் தீப்பற்ற இடமுண்டு, வேண்டா என்று தடுத்தேன். அன்பர்களும் அவ்வாறு செய்யவேண்டா.

மேசை திரும்பிய நாளன்று அடுத்த இருக்கையிலிருந்த மூத்த பெண்மணி அவரிடம் வந்தாராம். அவர் பஞ்சாபைச் சேர்ந்தவர். அந்த அறையில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். “எனக்கும் தினமும் தலைவலி, வயதாகிவிட்டதென்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு கடிதம் எழுதித் தருவாயா?” என்று கேட்டாராம். ஒருவர் வயதென்று நினைத்தார். மற்றவர் தந்தையின் நோயென்று நினைத்தார். ஒரே விளக்கின்கீழ் அருகருகே அமர்ந்து, இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் மாத்திரை விழுங்கி வந்திருக்கிறார்கள்.

வீடும் ஓர் அலுவலகமே

2020-ஆம் ஆண்டுக்குப் பின் நம் வீடுகள் பலவற்றில் உணவு மேசையே அலுவலக மேசையாகிவிட்டது. அங்கும் இதே முறைதான். சாளரம் பக்கவாட்டில் இருக்கட்டும். அறையை இருட்டாக்கிவிட்டுத் திரையை மட்டும் ஒளிரவிடவேண்டா. கூரைக்கு வெள்ளை அடித்தால் அதே விளக்கு அதிக ஒளி தரும். மாதம் ஒருமுறை விளக்கை அணைத்து, ஆறவிட்டு, அதன்மேல் படிந்த தூசியை உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். சமையலறையிலும் விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் அரிவாள்மணையின்மேல் நம் நிழலே விழும். படிக்கும் பிள்ளைகளுக்கு மேசை விளக்குடன், நாள்தோறும் வெளியில் விளையாடும் நேரமும் வேண்டும். பகலொளியில் அதிக நேரம் கழிக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவாகவே வருகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

மாடியறை இளைஞர் இன்னும் அதே வேலையில் இருக்கிறார். தகுதிகாண் பருவம் முடிந்து நிரந்தரமாயிற்று. வலி முற்றும் போய்விட்டதென்று சொல்லமாட்டேன். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் வரத்தான் செய்கிறது. ஆனால் அது எதனால் வருகிறதென்று இப்போது அவருக்குத் தெரியும், அச்சமில்லை. தந்தையாரை முன்னிட்டு ஆண்டுதோறும் கண் சோதனைக்குப் போகவேண்டிய நாளை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார். இம்முறை பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தம்பியையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப் போகிறாராம்.

அன்பர்கள் நாளைக் காலை அலுவலகம் சென்றதும் வேலையைத் தொடங்குமுன் ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். விளக்கு எங்கே இருக்கிறது? அடுத்த இருக்கையில் இருப்பவரையும் கேளுங்கள்.